ஐரிஷ் ஸ்டூ வீட்டில் செய்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர், உப்பு, மிளகு. ஐரிஷ் ஸ்டூவுக்கு அடிப்படைச் சரக்கு இவ்வளவுதான். சரக்கு குறைவு என்பதாலேயே சந்தேகங்கள் அதிகம். எதையோ விட்டுவிட்டோமோ என்ற பதற்றத்தில் ஆளாளுக்கு ஒன்றைச் சேர்க்கப் போய், கடைசியில் அது குருமாவாகவோ சூப்பாகவோ ஆகிவிடுகிறது. முதல்முறை செய்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐரிஷ் ஸ்டூ என்றால் என்ன? சூப்பா, குழம்பா?

இரண்டுக்கும் நடுவில் இருப்பது. எலும்போடு இருக்கும் செம்மறிக் கறியை, வெங்காயம் உருளைக்கிழங்கோடு அடுக்கி, தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வேகவிடுவது. கறியிலிருந்து சாறும் கொழுப்பும் இறங்கும். உருளைக்கிழங்கில் பாதி கரைந்து அந்தச் சாற்றைக் கெட்டியாக்கும். மீதிப் பாதி முழுசாக நின்று வயிற்றை நிரப்பும். நிறம் வெளிர் மஞ்சளாக, கொஞ்சம் சாம்பல் கலந்தாற்போல் இருக்கும். படத்தில் அழகாக வராது. படத்தில் பளபளவென்று கரும்பழுப்பாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் மாட்டிறைச்சியும் கின்னஸ் என்ற கறுப்பு பீரும் சேர்ந்த வேறொரு ஸ்டூ. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

அயர்லாந்து வீடுகளில் இதை யாரும் ஐரிஷ் ஸ்டூ என்று முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. வெறும் ஸ்டூதான்.

இது எவ்வளவு பழைய சாப்பாடு?

தொங்கும் கொப்பரையில் கறி வேகவைப்பது அங்கே மிகப் பழைய வழக்கம். கிராமத்து வீடுகளில் அடுப்பு என்றால் சுவரோடு ஒட்டிய திறந்த நெருப்புதான். சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய டர்ஃப் கட்டிகளைத்தான் எரிப்பார்கள். இரும்புக் கை ஒன்றில் பானையைத் தொங்கவிட்டால், மெதுவாகக் கனன்றுகொண்டே இருக்கும் அந்த நெருப்பில் கறி தானாக வெந்துவிடும். ஸ்டூவின் குணம் முழுக்க அந்த அடுப்பிலிருந்து வந்தது: ஒரே பானை, மெல்லிய சூடு, நிறைய நேரம்.

உருளைக்கிழங்கு 1500களின் கடைசியில்தான் அயர்லாந்துக்கு வந்து சேர்ந்தது. அடுத்த இருநூறு ஆண்டுகளில் ஏழைகளுக்கு அதுவே முழுச்சாப்பாடு ஆகிவிட்டது. ஐரிஷ் ஸ்டூ என்ற பெயர் 1800களின் தொடக்கத்திலேயே அச்சில் வந்துவிட்டது. அதாவது 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்து பெரும்பஞ்சம் தொடங்குவதற்கு முன்பே. அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதே அளவுக்கோ அதற்கு மேலோ நாட்டைவிட்டுக் கப்பலேறினார்கள். அவர்களோடு ஸ்டூவும் போனது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 'ஏழை விவசாயியின் அன்றாட உணவு' என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். பஞ்சத்துக்கு முந்தைய ஏழை விவசாயி அன்றாடம் சாப்பிட்டது உருளைக்கிழங்கும் மோரும்தான். கறி கண்ணில் படுவதே எப்போதாவதுதான். ஆடுகளைக் கம்பளிக்காக வளர்த்தார்கள், முதிர்ந்து பயன் தீர்ந்த ஆடு பானைக்கு வந்தது. முதிர்ந்த ஆடு என்பதால்தான் அத்தனை நேரம் வேக வேண்டியிருந்தது.

எந்தக் கறி வாங்க வேண்டும்?

செம்மறி. முடிந்தால் ஒரு வயது தாண்டியது. கழுத்துப் பகுதியோ தோள்பட்டையோ, எலும்போடு. தொடைக்கறி வேண்டாம். விலையும் அதிகம், கொழுப்பும் சவ்வும் குறைவு, இரண்டு மணி நேரம் வெந்தால் பஞ்சு போல் வறண்டுவிடும். கழுத்தில் இருக்கும் சவ்வுதான் மெல்ல இளகிச் சாற்றுக்கு அந்த வழுவழுப்பைத் தருகிறது.

அயர்லாந்தில் இருப்பவர்கள் கறிக்கடையில் ஜிகட் சாப் என்று கேளுங்கள். தோள்பட்டையிலிருந்து எலும்போடு குறுக்காக வெட்டிய துண்டுகள் கிடைக்கும். சூப்பர் மார்க்கெட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரு வயதுக்குட்பட்ட லாம்ப். முதிர்ந்த மட்டன் வேண்டுமென்றால் ஹலால் கடைகளில் கேட்டுப் பார்ப்பது நல்லது. மேற்குக் கரையோரத்து கானமாரா மலைப்பகுதி ஆட்டுக்குட்டிக் கறிக்கு 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. நல்ல கறிதான், ஆனால் அந்த விலை கொடுத்து ஸ்டூவில் போட எனக்கு மனம் வராது. (சென்னை எழும்பூரின் கன்னிமாரா நூலகத்தின் பெயரும் இதே ஊரிலிருந்து வந்ததுதான். 1886 முதல் 1890 வரை மதராஸ் ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபு, பட்டத்துக்கு இந்தப் பகுதியின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்.)

தமிழ்நாட்டில் மட்டன் என்று கேட்டால் வெள்ளாடும் வரும், செம்மறியும் வரும். நம் ஊரில் பலரும் வெள்ளாட்டைத்தான் உசத்தி என்பார்கள். இந்தச் சமையலுக்குச் செம்மறிதான் பொருத்தம், ஏனென்றால் இதில் எண்ணெய் கிடையாது, கறியின் கொழுப்புதான் மொத்த ருசியும். வெள்ளாட்டுக்கறிதான் கிடைக்கிறது என்றால் நெஞ்செலும்பும் கழுத்தும் கலந்து, கொழுப்பை வெட்டி எறியாமல் தரச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கூடுதலாக வேகவிட வேண்டியிருக்கும்.

உருளைக்கிழங்கு எதுவானாலும் சரிதானே?

இல்லை. ஸ்டூ சரியாக வருவதும் வராததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

உருளைக்கிழங்கில் மாவுத்தன்மை கூடிய வகை ஒன்று, இறுக்கமான வகை ஒன்று. மாவு வகை வெந்ததும் தோல் வெடித்து உதிரும், மசித்தால் பூப்போல வரும். இறுக்கமான வகை எவ்வளவு வெந்தாலும் வடிவம் கலையாது. அயர்லாந்துக்காரர்கள் மாவு வகைக்குத்தான் உயிரை விடுவார்கள். கெர்ஸ் பிங்க், கோல்டன் வண்டர், கோடையில் வரும் குயின்ஸ் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். இன்று கடைகளில் அதிகம் இருப்பது சிவப்புத் தோல் ரூஸ்டர். அதை உருவாக்கியது கார்லோ மாவட்டத்தின் ஓக் பார்க் வேளாண் ஆய்வு நிலையம். 1990களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்து, மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டது.

ஸ்டூவுக்கு இரண்டு குணமும் வேண்டும். அடியில் போடுவது கரைய வேண்டும், மேலே வைப்பது நிற்க வேண்டும். இரண்டு வகையும் கிடைத்தால் பாதிக்குப் பாதி வாங்குங்கள். ஒரே வகைதான் கிடைக்கிறது என்றால் வெட்டும் விதத்தால் சமாளிக்கலாம்: பாதியை மெல்லிய வில்லைகளாக அரிந்து அடியில் போடுங்கள், மீதியை முழுசாகவோ இரண்டாக வெட்டியோ கடைசி முக்கால் மணி நேரத்தில் மேலே வையுங்கள்.

அரிந்த கிழங்கைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். வறுவலுக்குச் செய்கிற பழக்கத்தில் கை தானாகப் போகும். அந்தத் தண்ணீரோடு வெளியேறும் மாவுதான் நமக்கு வேண்டியது. மைதா, சோள மாவு எதையும் இதில் கரைத்து ஊற்றுவதில்லை.

அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.

நான்கைந்து பேருக்கு:

எலும்போடு செம்மறிக் கறி 1 கிலோ, பெரிய துண்டுகளாக
உருளைக்கிழங்கு 1¼ கிலோ
பெரிய வெங்காயம் 4, தடிமனான வளையங்களாக
தைம் (ஒரு மணமூட்டும் இலை) 2 கொத்து
பார்ஸ்லி ஒரு கைப்பிடி
உப்பு 2 தேக்கரண்டி (குறைத்துத் தொடங்கலாம்)
மிளகுத்தூள் 1 தேக்கரண்டி
தண்ணீர் சுமார் 900 மில்லி

அடி கனமான, மூடி இறுக்கமாக உட்காரும் பாத்திரம் வேண்டும். மெல்லிய பாத்திரத்தில் அடி பிடித்துவிடும், மாவு அடியில் படிகிற சமையல் இது.

கிழங்கில் பாதியை மெல்லிய வில்லைகளாக அரிந்து அடியில் பரப்புங்கள். அதன்மேல் பாதி வெங்காயம். அதன்மேல் கறி முழுவதும். ஒவ்வொரு அடுக்குக்கும் உப்பும் மிளகும் தூவுங்கள். தைம் கொத்தைக் கறிக்கு நடுவே செருகி, மீதி வெங்காயத்தால் மூடுங்கள். கறி மட்டும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். பாத்திரம் நிறைய ஊற்றினால் சூப்புதான்.

மிதமான தீயில் கொதி வரட்டும். மேலே திரளும் நுரையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, தீயைச் சிம்மில் வைத்து மூடுங்கள். இனி ஒரு மணியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வரை அதன் பக்கம் போக வேண்டாம். கரண்டியும் போடாதீர்கள். அடி பிடிக்குமோ என்று தோன்றினால் பாத்திரத்தின் இரண்டு காதையும் பிடித்து ஒரு குலுக்கு குலுக்குங்கள், அது போதும்.

அப்புறம் மூடியைத் திறந்து, பெரிய கிழங்குத் துண்டுகளை மேலே அடுக்கி, அவற்றின்மேல் கொஞ்சம் உப்பு தூவி, மறுபடி மூடி 40-45 நிமிடம். இந்தக் கிழங்குகள் பாதி சாற்றிலும் பாதி ஆவியிலும் வேகும். கத்தி தடையில்லாமல் இறங்கினால், கறி எலும்பை விட்டுக் கழன்றால், அடுப்பை அணையுங்கள். பத்து நிமிடம் அப்படியே விட்டு, மேலே மிதக்கும் கொழுப்பில் அதிகப்படியை எடுத்துவிட்டு, பார்ஸ்லியை நறுக்கித் தூவிப் பரிமாறுங்கள்.

ஓவன் இருந்தால் கொதி வந்தபின் 150-160 டிகிரி செல்சியஸில் மூடியோடு உள்ளே தள்ளிவிடலாம். நேரம் ஏறக்குறைய அதேதான். அடி பிடிக்கும் பயம் இருக்காது.

கறியை முதலில் வதக்க வேண்டாமா? பச்சையாகவா போடுவது?

பழைய முறையில் வதக்கல் கிடையாது. திறந்த நெருப்பில் தொங்கும் பானையில் யார் வதக்கிக்கொண்டிருப்பது? வதக்காத ஸ்டூ வெளிறிப்போய் இருக்கும். ஆனால் சாற்றின் ருசி சுத்தமாக இருக்கும். பச்சை வாடைதான் பயம் என்றால், கறியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள். இதுவும் அங்கே உள்ள பழைய வழிதான்.

வதக்குகிற மரபும் உண்டு. கார்க் மாவட்டத்தில் ஷானகாரி என்ற ஊருக்குப் பக்கத்தில் பாலிமலூ என்ற பண்ணை வீடு இருக்கிறது. மர்ட்டல் ஆலன் என்ற அம்மையார் 1964-ல் அங்கே உணவகம் தொடங்கி, அயர்லாந்துச் சமையலுக்கு வெளியுலகில் ஒரு மரியாதையை வாங்கிக் கொடுத்தார். அந்த வீட்டு முறையில் ஆட்டுக் கொழுப்பை உருக்கி, அதில் கறியையும் காய்களையும் புரட்டி எடுத்த பிறகுதான் தண்ணீர். நிறமும் மணமும் கூடும்.

எனக்கு இரண்டும் பிடிக்கும். முதல்முறை செய்கிறவர் வதக்காமல் செய்து பார்ப்பது நல்லது என்பேன், இந்த உணவு எதற்காகப் பேர் வாங்கியது என்று அப்போதுதான் பிடிபடும்.

கேரட் போடலாமா?

இந்தக் கேள்வியை அயர்லாந்தில் சபையில் கேட்காதீர்கள், சாப்பாடு ஆறிவிடும். ஆடு, கிழங்கு, வெங்காயம் தவிர வேறெதுவும் கூடாது என்பது ஒரு கட்சி. கேரட் இல்லாமல் என்ன ஸ்டூ என்பது இன்னொரு கட்சி. பொதுவாக, தெற்கே கார்க் பக்கம் கேரட் சாதாரணமாக விழும். வடக்கே அது தேவையில்லை என்பவர்கள் அதிகம்.

கேரட் இனிப்பைக் கூட்டும். கறி இளசாக இருந்தால் அந்த இனிப்பு கொஞ்சம் திகட்டும், முதிர்ந்த கறிக்கு ஒத்துப்போகும். போடுவதானால் பெரிய துண்டுகளாக இரண்டு மூன்று போதும், வெங்காயத்தோடு சேர்த்துப் போடுங்கள். லீக், செலரி, டர்னிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டாணியும் பீன்ஸும் தக்காளியும் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பார்லி?

பல வீடுகளில் போடுவார்கள். இரண்டு மேசைக்கரண்டி பார்லியைக் கழுவிக் கறியோடு சேர்த்துவிடுங்கள், தண்ணீர் 200 மில்லி கூட்டுங்கள். அதற்கு மேல் போனால் பார்லி எல்லாச் சாற்றையும் குடித்துவிட்டுக் கஞ்சியாக நிற்கும்.

இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு எதுவும் இல்லாமல் கறி எப்படி வாய்க்குள் போகும்?

நியாயமான பயம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஸ்டூ சப்பென்று இருக்கிறது என்று சொல்லப்படும் பெரும்பாலான இடங்களில் குறைந்திருப்பது உப்பு. ஒன்றேகால் கிலோ கிழங்கு நிறைய உப்பை இழுத்துக்கொள்ளும். வேறெதையும் சேர்ப்பதற்கு முன்னால் கால் தேக்கரண்டி உப்பு போட்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ருசி பாருங்கள்.

அடுத்தது மிளகு. அயர்லாந்து வீடுகளில் பழக்கம் வெள்ளை மிளகு. காரம் தொண்டையில் போய் நிற்கும், நிறமும் கெடாது. நம் கருமிளகு இன்னும் மணமாக இருக்கும். தாராளமாகவே போடலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இஞ்சி பூண்டு விழுது போட்டால் கறி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு சாப்பாடு. தைம் கிடைக்காவிட்டால் ஓமவல்லி போடலாமா என்றும் கேட்கிறார்கள். வாசனையில் ஓர் உறவு இருக்கிறது, ஆனால் ஓமவல்லி வெகு பலமானது. ஒரே ஒரு சின்ன இலை, அதையும் கொதி வந்ததும் எடுத்துவிடுங்கள். தைமே இல்லாமல் செய்தாலும் குறையில்லை. பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லி தூவினால் வாசனை நேராக நம் வீட்டுக்கு வந்துவிடும். அதற்கு வெங்காயத்தாள் எவ்வளவோ மேல்.

கேரளத்து இஷ்டுவும் இதுவும் ஒன்றா?

இஷ்டு என்ற பெயர் ஐரோப்பியரின் ஸ்டூவிலிருந்து வந்ததுதான். கறி, உருளைக்கிழங்கு, வெளிர் நிறம் என்று சாடை ஒத்துப்போகிறது. தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், ஏலம், பட்டை, கறிவேப்பிலை என்று ருசி முழுக்க வேறு திசையில் போய்விட்டது. அயர்லாந்திலிருந்து நேராக வந்தது என்று சொல்ல முடியாது.

குக்கரில் செய்யலாமா?

செய்யலாம், ஒரு நிபந்தனையோடு: பெரிய கிழங்குகள் குக்கர் மூடிக்குள் போகக் கூடாது. அரிந்த வில்லைகள், வெங்காயம், கறி, தைம், உப்பு, மிளகு, 600 மில்லி தண்ணீர். அடியில் மாவு படிவதால் முதல் விசில் வரும்வரை மிதமான தீ, பிறகு சிம்மில் 20 நிமிடம். வெள்ளாட்டுக்கறி முதிர்ந்ததாக இருந்தால் 25. ஆவி தானாக அடங்கியதும் திறந்து, பெரிய கிழங்குகளை மேலே வைத்து, சாதாரண மூடி போட்டு 25 நிமிடம் சிம்மில் விடுங்கள்.

கறி மெத்தென்று வந்துவிடும். சாறுதான் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். வேலை நாளுக்கு இது போதும்.

இரண்டு மணி நேரம் ஆகியும் கறி ரப்பர் மாதிரி இருக்கிறது. ஏன்?

தீ அதிகம் வைத்திருப்பீர்கள். சவ்வு இளகிக் குழைய வேண்டுமானால் தளதளவென்ற கொதி தேவையில்லை, நீண்ட நேரம் நிலையான சூடு வேண்டும். பலமாகக் கொதிக்கவிட்டால் தசை இறுகி உள்ளிருக்கும் நீரை வெளியே தள்ளிவிடும், சவ்வு இளகுவதற்கு முன்பே கறி வறண்டுவிடும். மூடியைத் தூக்கிப் பார்த்தால் ஓரத்தில் எப்போதாவது ஒரு குமிழி எழ வேண்டும், அவ்வளவுதான். கேஸ் அடுப்பில் சிம்மும் அதிகமாக இருந்தால் தோசைக்கல்லை வைத்து அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள்.

இப்போது என்ன செய்வது என்றால், பெரிய கிழங்குகளை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி, இன்னும் அரை மணி நேரம் மெல்ல விடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

தண்ணீராக வந்துவிட்டதே?

வெந்த கிழங்கில் இரண்டு மூன்றைக் கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்திலேயே மசித்துக் கலக்குங்கள். திறந்து வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கின்னஸ் ஊற்ற வேண்டாமா? அயர்லாந்து என்றாலே அதுதானே?

ஆர்தர் கின்னஸ் 1759-ல் டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் கேட்டில் பீர் ஆலையை ஆரம்பித்தார். 9,000 ஆண்டுக் குத்தகை என்று கையெழுத்துப் போட்ட ஆள். அந்தக் கறுப்பு பீரை ஊற்றிச் செய்யும் மாட்டிறைச்சி ஸ்டூ நல்ல சாப்பாடுதான், அயர்லாந்தின் பப்களில் எங்கும் கிடைக்கும். அதில் கறியை மாவில் புரட்டி நன்றாகச் சிவக்க வறுக்க வேண்டும், கேரட் வேண்டும், பீரின் கசப்பைச் சமாளிக்க வெங்காயத்தையும் நன்றாக வதக்க வேண்டும். அந்தக் கசப்பு ஆட்டுக்கறியின் மென்மையான சாற்றை அடித்துப்போட்டுவிடும். எனவே ஐரிஷ் ஸ்டூவில் ஊற்றாதீர்கள். பக்கத்தில் ஒரு கிளாஸில் ஊற்றிக்கொள்வது அவரவர் விருப்பம்.

இதில் பன்றிக்கறி உண்டா?

கிடையாது. பன்றிக்கறி போட்டுச் செய்வது டப்ளின் நகரத்தின் 'கோடில்' என்ற வேறொரு சமையல். சாசேஜ், பேக்கன் துண்டுகள், வெங்காயம், கிழங்கு எல்லாம் வதக்காமல் மெல்ல வேகும். வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாத கத்தோலிக்க வீடுகளில், மிச்சமிருக்கும் சாசேஜையும் பேக்கனையும் வியாழன் இரவே தீர்க்க வந்த சமையல் என்பார்கள். வறுக்காத சாசேஜ் வெளிறி மிதக்கும் காட்சி வெளியூர்க்காரர்களைக் கொஞ்சம் மிரட்டும். டப்ளின்காரர்களிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

செயின்ட் பேட்ரிக் நாளுக்கு இதைத்தான் செய்வார்களா?

அயர்லாந்தின் காவல் புனிதர் நாளான மார்ச் 17-க்கு என்று கட்டாயம் ஏதும் இல்லை. அயர்லாந்தில் அன்றைக்கு பேக்கனும் முட்டைக்கோஸும் செய்கிற வீடுகள் உண்டு. கார்ன்ட் பீஃப் (உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சி) என்பது அமெரிக்கா போன ஐரிஷ் மக்களிடம் வேரூன்றிய வழக்கம். ஸ்டூ குளிர்காலத்தில் எந்த நாளிலும் வரும்.

தொட்டுக்கொள்ள என்ன?

சோடா பிரெட். கிழங்கு இருக்கும்போது ரொட்டி எதற்கு என்று தோன்றலாம். தட்டின் அடியில் நிற்கும் சாற்றைத் துடைத்து எடுக்கத்தான்.

ஈஸ்ட் தேவையில்லாத ரொட்டி இது. அயர்லாந்தில் விளையும் மென்மையான கோதுமையில் பசைத்தன்மை குறைவு, ஈஸ்ட் ரொட்டிக்கு அவ்வளவாக ஒத்துவராது. 1800களில் சமையல் சோடா புழக்கத்துக்கு வந்ததும் வெண்ணெய் எடுத்த புளித்த மோரோடு அது அற்புதமாகச் சேர்ந்துகொண்டது. ஓவன் இல்லாத வீடுகளில் மூடியுள்ள இரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடிமேல் தணலைப் போட்டுச் சுட்டார்கள்.

மைதா 450 கிராம் (பாதி கோதுமை மாவும் சேர்க்கலாம்), உப்பு ஒரு தேக்கரண்டி, ஆப்ப சோடா ஒரு தேக்கரண்டி மட்டமாக. மூன்றையும் சலித்து, புளித்த கெட்டி மோர் 350 மில்லி ஊற்றிக் கையால் சேர்த்துத் திரட்டுங்கள். தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் மோர். நம் வீட்டு நீர்மோர் உதவாது, தயிரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்துகொள்ளுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்துவிடாதீர்கள், ஒன்றுசேர்ந்தால் போதும். வட்டமாகத் தட்டி, மேலே ஆழமாகச் சிலுவைக் கீறல் போட்டு, 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200 டிகிரியில் 25-30 நிமிடம். அடியில் தட்டினால் உள்ளே வெற்றிடம் போல ஒலிக்க வேண்டும். சோடா மோர் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும், எனவே ஓவனை முன்பே சூடாக்கி வையுங்கள்.

சோற்றோடு சாப்பிடலாமா என்றால், தாராளமாக. ஆனால் கிழங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எழுந்திருக்க முடியாது.

கறி சாப்பிடாதவர்களுக்கு?

கறியை மட்டும் எடுத்துவிட்டு இதையே செய்தால் வெந்த கிழங்குத் தண்ணீர்தான் மிஞ்சும். அதற்குப் பதில் கோல்கேனன் செய்யுங்கள், அதுவும் அயர்லாந்தின் பழைய வீட்டுச் சாப்பாடுதான். மாவு வகைக் கிழங்கு ஒரு கிலோவைத் தோலோடு வேகவைத்து, சூடாக இருக்கும்போதே உரித்து மசியுங்கள். கேல் கீரையோ முட்டைக்கோஸோ 300 கிராம் நறுக்கி உப்புநீரில் வேகவைத்து, நன்றாகப் பிழிந்து சேருங்கள். 200 மில்லி பாலில் ஒரு கைப்பிடி வெங்காயத்தாளைப் போட்டுக் கொதிக்கவிட்டு, சூடாகவே ஊற்றி அடித்துக் கலக்குங்கள். உப்பு, மிளகு. தட்டில் குவித்து நடுவில் குழி செய்து ஒரு பெரிய வெண்ணெய்க் கட்டி. ஓரத்திலிருந்து எடுத்து எடுத்து அந்த உருகும் வெண்ணெயில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

அக்டோபர் 31 ஹாலோவீன் இரவுக்கு உரிய சாப்பாடு இது. மோதிரம், நாணயம், தையல் விரல்கவசம் எல்லாம் உள்ளே புதைத்து வைப்பார்கள். மோதிரம் கிடைத்தவருக்கு ஒரு வருடத்தில் கல்யாணம், நாணயத்துக்குச் செல்வம், விரல்கவசம் கிடைத்த பெண்ணுக்குக் கல்யாணமே இல்லை. வீட்டில் செய்து பார்ப்பதானால் காகிதத்தில் சுற்றிப் போடுங்கள், குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மறுநாளுக்கு வைக்கலாமா? ஃப்ரீசரில்?

மறுநாள்தான் இன்னும் நன்றாக இருக்கும். செய்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். மூன்று நாள் தாங்கும். குளிர்ந்ததும் கொழுப்பு மேலே வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும், அதில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு மீதியை விட்டுவிடுங்கள். சாறும் கட்டியாக நிற்கும், அதைப் பார்த்துத் தண்ணீரை அள்ளி ஊற்றிவிட வேண்டாம், சூடானால் இளகிவிடும். சிம்மில் வைத்து, நடுவரை கொதி வரும்படி சூடாக்குங்கள்.

ஃப்ரீசருக்கு முழு ஸ்டூ ஒத்துவராது. கிழங்கு உறைந்து இளகும்போது மணல் மணலாகி நீர் விடும். நிறையச் செய்து வைக்க வேண்டுமென்றால், பெரிய கிழங்குகளைப் போடுவதற்கு முந்தைய கட்டத்தோடு நிறுத்தி, கறியையும் சாற்றையும் மட்டும் உறையவையுங்கள். வேண்டிய நாளில் எடுத்து இளக்கி, கொதி வந்ததும் புதுக் கிழங்கை மேலே வைத்து மூடினால் முக்கால் மணி நேரத்தில் சாப்பாடு தயார்.